கீர்த்தனைத் தலைப்பில் நிற்கும் இராகப் பெயர்

சங்கீத புத்தகத்தை மூலமொழியில் படிக்கும் மாணவர்கள் முதலில் இடறுவது அதன் தலைப்புகளில்தான். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தலைப்பில் ‘விடியற்காலத்துப் பெண்மான்’ என்று பொருள்படும் எபிரெயச் சொற்கள் நிற்கின்றன. ஐம்பத்தாறாம் சங்கீதத்தின் தலைப்பில் தூரத்துப் புறா ஒன்று பேசப்படுகிறது. இவை அக்காலத்தில் மக்கள் நன்கறிந்திருந்த மெட்டுகளின் பெயர்களாக இருக்கலாம் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. ஐம்பத்தைந்து சங்கீதங்கள் ‘இராகத்தலைவனுக்கு’ ஒப்புவிக்கப்பட்டவை என்று நம் தமிழ் வேதாகமம் கூறுகிறது. இராகத்தலைவன் மறைந்தான், அவன் பாடிய இராகமும் மறைந்தது, தலைப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. நாம் அதை வாசிக்கிறோம், விளக்கவுரை எழுதுகிறோம். ஆனால் பாட முடியவில்லை.

நம் கீர்த்தனை நூல்களின் தலைப்புகளுக்கும் இந்நிலை வந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை. பாமாலையின் தலைப்பில் நாம் காண்பது மேல்நாட்டு மெட்டின் பெயரும் சீரளவும். கீர்த்தனையின் தலைப்பில் காண்பது இராகமும் தாளமும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) முதலாகப் பாடல் இயற்றியோர் இவ்வழக்கத்தையே கைக்கொண்டனர். 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்து அச்சிட்ட கீர்த்தனை நூலும், அதன் வழிவந்த தொகுப்புகளும் இவ்வழக்கத்தைப் போற்றிக் காத்தன. இன்று வகுப்பில் ஒரு கீர்த்தனையை எடுத்து, ‘தலைப்பில் செஞ்சுருட்டி என்று இருக்கிறதே, அதன் பொருள் என்ன?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனமாயிருக்கின்றனர். சொற்களை மட்டும் திரையில் காட்டும் ஆலயங்களில் தலைப்பே இல்லாமற் போகிறது. எனவே, தென்னிந்திய இசையில் சுரவரிசைகள் எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளன, அவ்வகுப்பு நம் கீர்த்தனைகளைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆர்மோனியத்தில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிது. ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரை பன்னிரண்டு கட்டைகள் உண்டு. அவையே பன்னிரண்டு சுரத்தானங்கள். சட்ஜமும் பஞ்சமமும் மாறாதவை. மத்திமத்திற்கு இரண்டு இடங்கள்: கீழுள்ளது சுத்த மத்திமம், மேலுள்ளது பிரதி மத்திமம். சட்ஜத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் நடுவே நான்கு கட்டைகள் உள்ளன. இந்நான்கையும் ரிஷபமும் காந்தாரமும் பகிர்ந்துகொள்கின்றன. ரிஷபம் முதல் மூன்றில் ஒன்றில் நிற்கலாம். காந்தாரம் கடைசி மூன்றில் ஒன்றில் நிற்கலாம். நடுவிலுள்ள இரண்டு கட்டைகள் இருவருக்கும் பொது. ஆகவே ஒரே கட்டைக்கு ஓரிடத்தில் சதுச்ருதி ரிஷபம் என்றும் வேறோரிடத்தில் சுத்த காந்தாரம் என்றும் பெயர். பஞ்சமத்திற்கு மேலே தைவதமும் நிஷாதமும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. இதனால்தான் இடங்கள் பன்னிரண்டாயினும் பெயர்கள் பதினாறு.

இனிக் கணக்கைப் பாருங்கள். காந்தாரம் எப்போதும் ரிஷபத்திற்கு மேலே நிற்க வேண்டும். ரிஷபம் முதற்கட்டையில் இருந்தால் காந்தாரத்திற்கு மூன்று இடங்கள். இரண்டாம் கட்டையில் இருந்தால் இரண்டு. மூன்றாவதில் இருந்தால் ஒன்று. ஆக ஆறு இணைகள். தைவத நிஷாதத்திற்கும் ஆறு. ஆறை ஆறால் பெருக்க முப்பத்தாறு. இம்முப்பத்தாறும் சுத்த மத்திமத்தோடு ஒரு முறை, பிரதி மத்திமத்தோடு ஒரு முறை வருவதால் எழுபத்திரண்டு. இவையே எழுபத்திரண்டு மேளகர்த்தாக்கள். ஏழு சுரமும் முறையாய் ஏறி முறையாய் இறங்கும் தாய் வரிசைகள் இவை. ஆறாறாகப் பகுத்து, இந்து, நேத்திரம், அக்கினி, வேதம் எனத் தொடங்கி ஆதித்தியம் ஈறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் இவற்றை அடுக்கியிருக்கின்றனர். சந்திரன் ஒன்று, கண் இரண்டு, வேதம் நான்கு, ஆதித்தர் பன்னிருவர் என்று சக்கரத்தின் பெயரே அதன் எண்ணைச் சொல்லிவிடும்.

இக்கணக்கை முழுமையாக வகுத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் விளங்கிய வேங்கடமகி. நூல், சதுர்தண்டிப் பிரகாசிகை. அவருக்கு முன்பே, 1550-இல், விசயநகரத்து இராமாமாத்தியர் இருபது மேளங்களைக் கூறியிருந்தார். அவர் வழக்கிலிருந்த இராகங்களை நோக்கி அவற்றுக்கு மேளம் கண்டார். வேங்கடமகியோ கணக்கிலிருந்து தொடங்கி, இருக்கக்கூடிய வரிசைகளையெல்லாம் கண்டார். தம் காலத்தில் வழங்கியவை பத்தொன்பதே என்று அவரே கூறுகிறார். மற்றவை பிற்காலத்திற்காகத் திறந்து வைக்கப்பட்ட அறைகள். அவ்வறைகளுள் பலவற்றில் பின்வந்தோர் குடியேறினர். கோடீசுவர ஐயர் (1870-1938) எழுபத்திரண்டிலும் தமிழிலேயே கீர்த்தனங்கள் செய்தார். ஆயினும், இந்த எழுபத்திரண்டில் நாற்பது, ‘விவாதி’ என்று கூறப்படும், காதுக்கு எளிதில் இணங்காத சுரச் சேர்க்கைகளை உடையவை. சபைப் பாடலுக்கு அவை உதவா. நாமும் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்று வழங்கும் கனகாங்கி முதல் இரசிகப்பிரியா வரையிலான பெயர்ப் பட்டியல் வேங்கடமகிக்குப் பிற்பட்டது. மற்றொரு பட்டியல் கனகாம்பரி என்று தொடங்கும். முத்துசாமி தீட்சிதர் மரபினர் பின்பற்றுவது அது. எந்தப் பட்டியலாயினும் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை வடமொழியின் கடபயாதி முறைப்படி எண்ணாக்கித் திருப்பி வாசித்தால் மேளத்தின் எண் கிடைக்கும். ‘மாயாமாளவகௌளை’ என்பதில் மா ஐந்து, யா ஒன்று; திருப்பினால் பதினைந்து. தமிழெழுத்தில் இது ஓரளவே பலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கீரவாணி’யில் முதலெழுத்து வடமொழியின் முதற் ககரம், எனவே அது இருபத்தொன்று. ‘கரகரப்பிரியா’வில் அது இரண்டாம் ககரம், எனவே இருபத்திரண்டு. நமக்கோ இரண்டும் ஒரே ‘க’தான். தமிழ்ப் போதகர் எண்ணை மனப்பாடம் செய்வதே நலம்.

எழுபத்திரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கீர்த்தனை நூலைப் புரட்டினால் தலைப்புகளில் காணும் இராகங்களுள் பெரும்பாலானவை ஏழெட்டு மேளங்களுக்குள் அடங்கிவிடும். எட்டாவதாகிய தோடியில் புன்னாகவராளியும் தன்யாசியும் பிறக்கின்றன. பதினைந்தாவதாகிய மாயாமாளவகௌளையில் நாதநாமக்கிரியை பிறக்கிறது. இருபதாவது நடபைரவியில் பைரவி. இருபத்திரண்டாவது கரகரப்பிரியாவில் முகாரி. இருபத்தெட்டாவது அரிகாம்போதியில் காம்போதி, யதுகுலகாம்போதி, செஞ்சுருட்டி, மோகனம் என்று பெருங்குடும்பமே உண்டு. இருபத்தொன்பதாவது சங்கராபரணத்தில் பிலகரி, நீலாம்பரி முதலியன. அறுபத்தைந்தாவது கல்யாணி, சங்கராபரணத்திற்கும் இதற்கும் மத்திமம் ஒன்றே வேறுபாடு. இருபத்தொன்பதோடு முப்பத்தாறைக் கூட்டினால் அறுபத்தைந்து வருவதைக் கவனித்தால் கணக்கின் ஒழுங்கு விளங்கும்.

பாமாலைகளோடு பழகிய செவிக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது. மேல்நாட்டு இசையின் ‘மேஜர்’ வரிசை நம் சங்கராபரணத்தின் சுரங்களையே உடையது. ‘மைனர்’ வரிசை நடபைரவி அல்லது கீரவாணியின் சுரங்களை உடையது. விசைப்பலகை வாசிக்கும் இளைஞர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு எந்தக் கீர்த்தனையையும் அதற்குள் அடக்கிவிடுகிறார். அரிகாம்போதிக் குடும்பத்துப் பாடலின் தாழ்ந்த நிஷாதம் உயர்ந்துவிடுகிறது, செஞ்சுருட்டி சங்கராபரணமாகிறது. கரகரப்பிரியாக் குடும்பத்துப் பாடலின் உயர்ந்த தைவதம் தாழ்ந்துவிடுகிறது. நாதநாமக்கிரியைக்கு மேஜரிலும் இடமில்லை, மைனரிலும் இடமில்லை. ஆகவே அது வழக்கிலிருந்தே விலகுகிறது. குழலானாலும் சுரமண்டலமானாலும் ஓசையில் வேறுபாடு காட்டாவிடில் ஊதப்படுவதும் வாசிக்கப்படுவதும் எப்படி அறியப்படும் என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார் (1 கொரி. 14:7). அவர் பேசியது அந்நிய பாஷையைப் பற்றி. ஆயினும் உவமைக்கு அவர் எடுத்தது இசையை. இத்தகைய பிழையைத் திருத்த மேளகர்த்தாப் பட்டியல் நல்ல கருவி. பாடலின் தலைப்பைப் பார்த்து, தாய் மேளத்தை அறிந்து, எந்த நிஷாதம், எந்தத் தைவதம் என்று கட்டையில் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பழந்தமிழர் இதே பொருளை வேறு வழியில் கண்டனர் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களையும் பெயரிட்டு, ஒரே வரிசையில் குரலாகிய தொடக்கத்தை ஒவ்வொரு சுரத்திற்கும் மாற்றி மாற்றி வைத்து ஏழு பாலைகளைப் பெற்றனர். சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் இதற்குச் சான்று. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்று கொண்டால், அதன் ரிஷபத்திலிருந்து தொடங்க நடபைரவியும், மத்திமத்திலிருந்து தொடங்கச் சங்கராபரணமும், பஞ்சமத்திலிருந்து கரகரப்பிரியாவும், தைவதத்திலிருந்து தோடியும், நிஷாதத்திலிருந்து கல்யாணியும் வருகின்றன. காந்தாரத்திலிருந்து தொடங்கினால் பஞ்சமமின்றி இரண்டு மத்திமங்கள் வந்துவிடுவதால் அதற்கு எழுபத்திரண்டில் இடமில்லை. நம் கீர்த்தனைகளின் மேளங்களுள் மாயாமாளவகௌளை நீங்கலாக ஏனைய யாவும் இங்கேயே இருக்கின்றன! மேல்நாட்டுத் திருச்சபையின் பழைய வழிபாட்டு இசையில் டோரியன், பிரிஜியன், லிடியன் என்று வழங்கிய வரிசைகளும் இவ்வேழனுள் அடங்குவனவே. சுவிட்சர்லாந்துக்காரராகிய கிளாரியானுஸ் அவற்றைப் பன்னிரண்டாக விரித்து நூல் வெளியிட்ட ஆண்டு 1547. இராமாமாத்தியருக்கு மூன்றே ஆண்டு முந்தியது. ஒருவரையொருவர் அறியாத இருவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒத்த வேலையைச் செய்தனர்.

பாலைகளின் இம்முறையை மீண்டும் ஆராய்ந்து நிலைநாட்ட முயன்றவர் நம் திருச்சபையைச் சேர்ந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதி இருபத்திரண்டு என்னும் சாரங்கதேவர் கணக்கை மறுத்து, இருபத்துநான்கு என்று வாதிட்டார். அவருடைய கணக்கு எல்லாருக்கும் உடன்பாடாயிற்று என்று கூற முடியாது. ஆனால் வேங்கடமகியின் ஊராகிய தஞ்சையில், சாஸ்திரியார் பாடிய தஞ்சையில், மருத்துவராயிருந்த ஒரு கிறிஸ்தவர் தம் செல்வத்தையும் காலத்தையும் இதற்கே செலவிட்டார் என்பதை இறையியல் கல்லூரிகளில் எத்தனை பேர் கற்பிக்கிறோம்?

இதுவரை கூறியது மேளம். மேளம் வேறு, இராகம் வேறு. இங்கேதான் பட்டியலை மட்டும் கற்றவர் தவறுகிறார்.

தாய் மேளத்தில் சில சுரங்களை நீக்கியும், ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் வேறாக்கியும், நேரே செல்லாமல் வளைந்து சென்றும் சேய் இராகங்கள் பிறக்கின்றன. மோகனத்திற்கு மத்திமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. ஆகவே அதன் ஐந்து சுரங்களையும் இருபத்தெட்டிலும் காணலாம், இருபத்தொன்பதிலும் காணலாம், அறுபத்து நான்கிலும் அறுபத்தைந்திலும் காணலாம். இருபத்தெட்டின் பிள்ளை என்று கூறுவது இசை மரபு. கணக்கு அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்னும் சில இராகங்கள் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை செல்வதே இல்லை. நாதநாமக்கிரியையும் புன்னாகவராளியும் கீழ் நிஷாதத்திலிருந்து மேல் நிஷாதத்தோடு நின்றுவிடும். செஞ்சுருட்டியும் இத்தன்மையதே. இவை சபைப் பாடல்களில் மிகுதியாக இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது நம் எண்ணம். பயிற்சியில்லாத குரல், வயதானவர் குரல், பாடிப் பாடி வயலில் களைத்த குரல் யாவும் எட்டக்கூடிய எல்லைக்குள் அவை நிற்கின்றன. பாடல் இயற்றியோர் சபையை அறிந்திருந்தனர்.

சுரமும் வழியும் ஒன்றாயிருந்தும் இராகம் வேறாகலாம். ஆரபியும் தேவகாந்தாரியும் இருபத்தொன்பதாவது மேளத்தின் பிள்ளைகள். இரண்டும் ஏறும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் விட்டு ஏறும். இறங்கும்போது ஏழு சுரத்தோடும் இறங்கும். தாளில் எழுதினால் ஓரெழுத்தும் வேறுபடாது. பாடினால் வேறு. ஆரபி விரைந்து, அசைவு குறைந்து, காந்தார நிஷாதங்களில் தங்காமல் செல்லும். தேவகாந்தாரி தாழ்ந்த நடையில், நின்று, அசைந்து செல்லும். அவ்வாறே தோடியின் காந்தாரம் எந்தக் கட்டை என்று பட்டியல் சொல்லும். அக்கட்டையை அழுத்திப் பிடித்தால் தோடி வராது. அது அவ்விடத்தைச் சுற்றி அசையும் அசைவே தோடி. கமகம் எனப்படும் இவ்வசைவைக் காட்ட எழுபத்திரண்டில் இடமில்லை.

மற்றொரு வகை, தாய் மேளத்தில் இல்லாத சுரத்தை விருந்தாக ஏற்கும் பாஷாங்க இராகங்கள். காம்போதி சிற்சில இடங்களில் உயர்ந்த நிஷாதத்தைத் தொடும். பைரவி ஏறும்போது உயர்ந்த தைவதத்தோடு ஏறி, தாழ்ந்த தைவதத்தோடு இறங்கும். நம் சபைகளில் பெரிதும் விரும்பப்படும் ஆனந்தபைரவியோ இன்னும் விநோதமானது. அதை இருபதாவதாகிய நடபைரவியின் பிள்ளை என்றே பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. நடபைரவியின் தைவதம் தாழ்ந்தது. ஆனந்தபைரவி பெரும்பாலும் பாடுவது உயர்ந்த தைவதம். இதனாலேயே சிலர் அதை இருபத்திரண்டாவதன் கீழ் வைக்க வேண்டும் என்பர். வீட்டு எண்ணைப் பற்றி வழக்கு; வீட்டிலிருப்பவரைப் பற்றி வழக்கில்லை.

இதை நாம் ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் ஊழியஞ்செய்த நாட்களில், மேளகர்த்தாப் பட்டியலைப் புதிதாய்க் கற்ற உற்சாகம் நமக்கு இருந்தது. சனிக்கிழமை மாலைப் பாட்டுப் பயிற்சியில் ஆனந்தபைரவி என்று தலைப்பிட்ட ஒரு கீர்த்தனையை எடுத்தோம். அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் வழக்கமாக அடியெடுத்துக் கொடுப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் தாயாரிடம் கேட்டுக் கற்றவர். அவர் பாடிய தைவதம் நம் பட்டியலில் இல்லை. ஆர்மோனியத்தில் நடபைரவியின் தைவதத்தை அழுத்திக் காட்டி, ‘அம்மா, இதுதான் சரி, நீங்கள் பாடுவது சற்று ஏறிவிடுகிறது’ என்றோம். அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ‘ஐயா படித்தவர்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்றார். அடுத்த ஞாயிறு முதல் அப்பாடலை நாம் அடியெடுத்துக் கொடுத்தோம்; அவர் உதடு மட்டும் அசைந்தது.

பல ஆண்டுகள் கழித்து, முறையாகப் பயின்ற வித்துவான் ஒருவரிடம் சில மாதங்கள் அமர்ந்தபோதுதான் தவறு புரிந்தது. ஆனந்தபைரவியை அவர் பாடக் கேட்டதும் அந்த அம்மையாரின் குரலே காதில் விழுந்தது போலிருந்தது. அதே உயர்ந்த தைவதம்; பஞ்சமத்தைத் தொட்டு மீளும் அதே வளைவு. பட்டியலில் எண்ணைக் கண்ட நாம், ‘பாஷாங்கம்’ என்று அருகில் எழுதியிருந்த ஒரு சொல்லை அன்று பொருட்படுத்தவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு இப்போது நாம் கொடுக்கும் பயிற்சி வேறு வரிசையில் அமைந்தது. முதலில் அந்தச் சபையில் வயதில் மூத்தவர் இருவர் அல்லது மூவரைத் தனித்தனியே பாடச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாத்தியம் கூடாது, அவர்கள் எடுத்த சுருதியிலேயே பாடட்டும். அடுத்து, எந்த ரிஷபம், எந்தக் காந்தாரம் என்று ஒவ்வொன்றாய்த் தேடிக் குறிக்க வேண்டும். அதன் பின்னரே நூலின் தலைப்பையும் மேளத்தின் எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் நல்லது. ஒத்திராவிட்டால் பாஷாங்கமோ என்று முதலில் நோக்க வேண்டும். அதுவும் இல்லையெனில் இசை அறிந்தோரைக் கேட்க வேண்டும். மூத்தவர்கள் பாடுவதெல்லாம் பிழையற்றது என்று நாம் கூறவரவில்லை. ஆலயத்தில் பல்லாண்டு ஒலித்த விசைப்பலகை அவர்கள் செவியையும் மாற்றியிருக்கலாம். ஒரே கீர்த்தனை இரண்டு ஊர்களில் இரண்டு இராகங்களில் வழங்குவதும் உண்டு. இரண்டையும் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு திருமண ஆராதனைக்காக அக்கிராமத்திற்கு மீண்டும் சென்றோம். அந்த அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகள் இப்போது அடியெடுத்துக் கொடுக்கிறார். ஆராதனை முடிந்த பின் அந்தக் கீர்த்தனையைப் பாடும்படி கேட்டுக்கொண்டோம். நல்ல குரல், தயக்கமின்றி முழுவதும் பாடினார். நாம் அன்று ஆர்மோனியத்தில் அழுத்திக் காட்டிய தாழ்ந்த தைவதத்தையே பாடினார்.